இருபது காம்பராக்களின் பட்டியல்

அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் யார்மீது கோபப்பட்டாலும் அதில் ஒரு பங்கு எனக்கும் சேரும்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வட்டவளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதுவும் வெடிக்கவில்லை. ஆனாலும் பாடசாலை வாசலில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தோம். நான் அங்கே நான்காம் ஆண்டு ஆசிரியை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ரொட்டியையும் சம்பலையும் பார்த்துவிட்டு மூடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, பயமாகத்தான் இருந்தது. ஆகவே பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, லயத்தில் குடியிருக்கிற எல்லோருடைய விபரமும் வேண்டும் என்று நீளமான தாள்களை நீட்டியபோது, நியாயந்தானே என்று வாங்கிக்கொண்டேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தால் எல்லோரும் பத்திரமாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முழுக்கப் பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கட்டிய வரிசை வீடு, அதில் இருபது காம்பரா. ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அன்று பின்னேரம் வாசலில் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், அடையாள அட்டைகளைப் பொலிதீன் உறையோடு கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். கூடவே வீட்டில் இல்லாதவர்களின் அட்டைப் பிரதிகளும் வந்தன. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிற மகன், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகள், எல்லோரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்றார்கள்.

அதற்கு ஒரு காரணம் காம்பரா, அது தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்து ஓய்ந்தவர்களுக்கு, பிள்ளை ஒன்று அங்கேயே குடியிருக்கிறது என்று காட்டினால்தான் காம்பரா நிலைக்கும். இன்னொரு காரணம் பழையது. பட்டியலில் பெயர் இல்லாததால் நாடில்லாமல் போனவர்களின் வாரிசுகள் நாங்கள். தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டு, காட்டக் கடுதாசி இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய கதை எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. ஆகவே தோட்டத்துக்கு எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் பெயரைப் போட்டுவிடுவோம். எதற்கென்று கேட்பது அப்புறந்தான்.

"தம்பி பேரப் போட்டியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அவன் கொழும்புலதானேம்மா இருக்கான்."

"எங்க இருந்தா என்ன, இது அவன் வீடுதானே? பேரு விட்டுப்போச்சுன்னா நாளைக்கு நம்ம புள்ளையே இல்லன்னு சொல்லிருவாங்க."

போட்டேன். தொழில் என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்று எழுதினேன். கடைசிக் கட்டம், 'தற்போது இங்கு வசிக்கிறாரா?' முதல் வரியில் 'ஆம்' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே அத்தனை பேருக்கும் மேற்படி என்பதற்கு அடையாளமாக இரண்டிரண்டு சின்னக் கோடுகள். தாள் முடியும் வரைக்கும் அந்தக் கோடுகள் ஒரே நேராக இறங்கின. பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது பொறுப்பதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அம்மா அன்றே தம்பிக்குப் போன் பண்ணினாள். இங்கே பெயர் போட்டாயிற்று, அங்கே எதிலும் போட்டுவிடாதே, இரண்டு இடத்தில் இருந்தால் வழக்காகிவிடும் என்று சொல்லி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, பாடசாலையில் இடைவேளை மணி அடித்த நேரம் ஒரு போன் வந்தது. தம்பியோடு துணிக்கடையில் நிற்கிற பையன். 

"அக்கா, நேத்து ரூமுக்குப் பொலிஸ் ரவுண்டப் வந்தாங்க. இவன ஏத்திட்டுப் போயிட்டாங்க."

தம்பிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் மூன்று வருடமாக வேலை. கடைக்குப் பின்னால் ஒரு விடுதி அறையில் நாலு பேராகத் தங்கியிருந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவனைத் தேடித்தான் பொலிஸ் வந்திருக்கிறது. அவன் அறையை விட்டுப் போய் ஒரு வாரம். மற்ற இருவரின் பெயர் குண்டு வெடித்தபிறகு எழுதிய விடுதிப் பதிவில் இருந்தது. தம்பியின் பெயர் மட்டும் இல்லை. அவனைக் கொண்டுபோனார்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் ஊர்ப் பொலிஸுக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள்தானே, ஒரு வார்த்தை கொழும்புக்குச் சொல்லுவார்கள் என்ற நம்பிக்கை. பொறுப்பதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிப்பதற்குள் அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார்.

"கொழும்பிலிருந்து நேற்றே கேட்டுவிட்டார்கள், மிஸ். நாங்கள் இதைப் பார்த்துப் பதில் சொன்னோம்."

கோப்பை என் பக்கம் திருப்பினார். என் எழுத்து. தம்பியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அதற்கு நேராக இரண்டு சின்னக் கோடுகள்.

"இவர் தோட்டத்தில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கொழும்பில் பிடிபட்டவர் யார்?"

 அவர் அதட்டவில்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை. உண்மையிலேயே விடை வேண்டும் என்பதுபோலக் கேட்டார். அதற்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம், நான் எழுதியது பிழை என்று. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமோ என்னவோ. ஆனால் என் பார்வை தம்பியின் பெயருக்கு மேலும் கீழும் இருந்த கோடுகள் மீது போனது. அவற்றிலும் எத்தனையோ பொய். "எங்கேயோ பிழை நடந்திருக்கு, விசாரிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோழைத்தனம். வேறு பெயர் அதற்கு இல்லை.

அடுத்த ஆறு நாள் தம்பி எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ரயிலேறிக் கொழும்புக்குப் போய் மூன்று இடங்களில் கேட்டேன். மூன்றிலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். கடைசியில் ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் போய் நின்றேன். யாழ்ப்பாணத்தவர், வயதானவர், யுத்தக் காலத்திலிருந்தே இப்படியான வழக்குகளைப் பார்த்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"பிடிச்சதுக்கு ஒரு துண்டு தந்தவையோ?"

"என்ன துண்டு சார்?"

"ஆர் பிடிச்சது, எங்க வைச்சிருக்கு, என்ன காரணம் எண்டு எழுதி வீட்டுக்காரருக்குக் குடுக்கவேணும், டீச்சர். அது சட்டத்திலயே இருக்கு."

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? எங்கள் இருபது காம்பராவின் பெயரும் இலக்கமும் கேட்ட மறுநாளே அவர்கள் மேசைக்குப் போய்விட்டன. ஓர் ஆளையே கொண்டுபோனதற்கு எங்களுக்கு ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. பட்டியல் கேட்டது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி வரவேண்டிய கடுதாசியைப் பற்றி யாருமே எங்களுக்குச் சொல்லித் தரவில்லையே என்றுதான் மனது எரிந்தது. ஆசிரியை நான், எனக்கே தெரியவில்லை.

இரண்டு நாளில் அவர் கண்டுபிடித்துச் சொன்னார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மூன்று மாதத் தடுப்புக் கட்டளை.

"இதில நீதவானிட்டப் போய்ப் பிணை கேக்கேலாது. சந்தேகம் வந்தாப் பிடிக்கட்டும், அதை ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்ல. பிடிச்ச ஆளுக்குக் காரணத்தைச் சொல்லவேணும், ஒரு நீதவான் அந்த ஆளின்ர முகத்தைப் பார்க்கவேணும். நாங்கள் கேக்கிறது அவ்வளவுதான். அது கிடைக்கிற வரைக்கும் எங்களிட்ட இருக்கிறது ஒண்டுதான். அந்தப் பட்டியல் பிழையெண்டு எழுதின ஆளே வாக்குமூலம் குடுக்கவேணும்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அது உங்களுக்கு எதிராவும் வரலாம். யோசிச்சுச் செய்யுங்கோ."

அவர் ஏற்பாட்டில் தம்பியை ஒருமுறை கொழும்பில் பார்க்க முடிந்தது. பத்து நிமிடம், பக்கத்தில் ஓர் அதிகாரி. தம்பி மெலிந்திருந்தான். அடித்தார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவனும் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா."

"எதுல? என்ன எழுதியிருந்துச்சு?"

"சிங்களத்துல இருந்துச்சு. பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாதுல்ல." அதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தான். "நா யாருன்னு கேக்கறாங்கக்கா. பேரு, ஊரு எல்லாம் சொன்னேன். அவன் தோட்டத்துல இருக்கான், நீ யாருன்னு மறுபடியும் கேக்கறாங்க."

திரும்பி வருகிற ரயிலில், வட்டவளை வருவதற்குள் வாக்குமூலம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் பொலிஸுக்குப் போகப் போகிறேன் என்பது லயத்தில் எப்படியோ பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா முன்னால் நின்றாள். நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவள். புருஷன் இல்லை, கொழுந்து எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடம். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிற மகனின் பெயரை வைத்துத்தான் அவள் காம்பரா நிற்கிறது.

"ஒந் தம்பி வெளிய வரணும், புள்ள. அதுல எங்களுக்கு ரெண்டு பேச்சு இல்ல. அவன் பேர மட்டும் பெசகாப் போட்டுட்டேன்னு சொல்லேன்."

"ஒரு வரி பொய்ன்னா எல்லா வரியயும் பாப்பாங்க, பெரியம்மா."

"அப்ப எம் மகன் பேரும் போயிரும். காம்பராவும் போயிரும். நா எங்க போறது?"

பொய் எழுதச் சொன்னது யார் என்று கத்த வாய் வந்தது. ஆனால் எழுதின கை யாருடையது? ஒவ்வொருவரிடமும் உங்கள் பிள்ளை இப்போது எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மேலிருந்து கீழாக அழகாகக் கோடு இழுத்தவள் நான்.  அவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அம்மா எனக்குத் துணையாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"பேர வெட்டச் சொல்லாத. வெட்டிட்டா அப்புறம் அவன எங்க போயித் தேடுவேன்? இந்த எடத்துலயாவது அவன் பேரு இருக்கட்டும்."

பிள்ளை உள்ளே கிடக்கிறான், இவளுக்குப் பெயர் பெரிதாகப் போய்விட்டதா என்று அன்றைக்கு அம்மாவை மனதுக்குள் திட்டினேன். அவளிடம் சொல்லாமலே திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் போய் நின்றேன்.

பொறுப்பதிகாரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தம்பி கொழும்பில்தான் இருந்தான், பட்டியலில் எழுதியது பிழை, எழுதியது நான். அவர் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"மிஸ், இதை எழுதினால் நான் முழு லயத்தையும் சோதிக்க வேண்டிவரும். எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஆனால் எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலைக்கும் பிரச்சினை வரலாம்."

"தெரியும். எழுதுங்க."

சிங்களத்தில் வேகமாக ஒன்றரைப் பக்கம் எழுதினார். தாளைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். அச்செழுத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அந்தக் கையெழுத்து ஒரு வரிகூட ஓடவில்லை. பேனா என் கையில் இருந்தது. போட்டுவிட்டுப் போய்விடலாம் போலத்தான் இருந்தது, அவ்வளவு களைப்பு.

"தமிழ்ல ஒருத்தர் வாசிச்சுக் காட்டினாத்தான் போடுவேன்" என்றேன்.

"மிஸ்ஸுக்குச் சிங்களம் தெரியும்தானே?"

"எந் தம்பிக்கும் தெரியும்."

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. இனித் தொலைந்தேன் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போனார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் டவுனில் கடமையில் இருக்கிறார், வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒருவர் வந்து சொன்னார். இரண்டு மணி வரை சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருமுறை கதவு திறக்கும்போதும் என்னையும் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று நிமிர்ந்து பார்த்தேன். பாடசாலைக்கு லீவு சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரியாது. நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கும் யாரிடமும் ஒரு துண்டு இல்லை.

கான்ஸ்டபிள் வந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். பாதியில் ஒரு வசனம் வந்தது. நான் பொலிஸை ஏமாற்றும் நோக்கத்தோடு, வேண்டுமென்றே பொய் விபரம் கொடுத்தேன் என்று.

"இதை நான் சொல்லலை."

பொறுப்பதிகாரி அந்த வசனத்தைத் தேடிப் பார்த்தார். வழக்கமாக எழுதுகிற முறை அதுதான் என்றார். பிறகு அதை வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். கடைசி வரி வரைக்கும் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. எனக்காக ஒரு வசனத்தை வெட்டினார்கள். தம்பி கையெழுத்துப் போட்ட தாளில் எத்தனை வசனம் வெட்டாமல் கிடக்கிறதோ?

மூன்றாம் நாள், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடுகிற காலை நேரத்தில், ஜீப் லயத்துக்கு வந்தது. பொறுப்பதிகாரியோடு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் வந்தார். காம்பரா காம்பராவாக ஆட்களை வெளியே வரச் சொல்லி, முகத்தைப் பார்த்து, என் பட்டியலில் சரி போட்டார்கள், வெட்டினார்கள். பதினோரு பெயர் வெட்டுப்பட்டது. முறைகேடாக யாரையும் அவர்கள் நடத்தவில்லை. ஆனால் அன்றையிலிருந்து குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாளில் பெரியம்மாவுக்குத் தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காம்பராவை ஒப்படைக்கும்படி. அவள் என்னிடம் அதை வாசிக்கத் தரவில்லை. வாசிக்கத் தெரியாதவள், வேறு யாரிடமோ கொடுத்து வாசிக்கக் கேட்டாள். பூண்டுலோயாவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போன அன்று நான் வாசலில்தான் நின்றேன். சாமான் ஏற்றிய லொறி என்னைத் தாண்டித்தான் போனது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

தம்பியை மூன்று மாதம் முடிந்தபிறகு விட்டார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. என் வாக்குமூலத்தால் விட்டார்களா, தவணை முடிந்ததால் விட்டார்களா என்று சட்டத்தரணி எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. பெரியம்மாவின் காம்பரா எதற்காகப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ ஒன்றுக்காகப் போனது என்று தெரிந்தாலாவது பாரம் குறையும்.

அவன் திரும்பக் கொழும்புக்குப் போகவில்லை. தோட்டத்திலேயே பெயர் பதிந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகிறான். வருடங்கள் ஆகிவிட்டன. அந்தத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள், மாற்றப் போகிறோம் என்றார்கள், பத்திரிகையில் வருவதையெல்லாம் நான் வெட்டி வைக்கிறேன். அவன் வாசிப்பதில்லை. ரோட்டில் வாகனம் நின்றால் சட்டைப் பையைத் தடவி அட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். குளிக்கப் போகும்போதுகூட அதைப் பொலிதீனில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறான்.

போன வாரம் பொலிஸிலிருந்து மறுபடியும் படிவம் வந்தது. இந்தமுறை ஒரு காம்பராவுக்கு ஒன்று. வேறு யாரும் எழுத முன்வராததால் என்னிடமே வந்தது. நான் காம்பரா காம்பராவாகப் போய், இவர் இப்போது இங்கே இருக்கிறாரா என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டு எழுதினேன். சிலர் முகத்தைச் சுளித்தபடி பதில் சொன்னார்கள், பரவாயில்லை. கோடு இழுக்கவில்லை. 'ஆம்', 'இல்லை' என்று ஒவ்வொன்றாக எழுதினேன்.

கடைசியாக எங்கள் படிவம். தம்பி வேலை விட்டு வந்து சுவரோரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவனைப் பற்றி எழுதப்போவது எல்லாமே உண்மை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இலக்கம் பார்க்க அவன் அட்டையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பெயரை எழுதப் போனேன்.

"எம் பேர எழுதாதக்கா."

"நீ இங்கதானடா இருக்க."

"வேணாங்கா."

"பேரு இல்லாம எப்படி? நாளைக்கு வந்து பாத்தா?"

அவன் கோப்பையைத் தரையில் வைத்தான். கை வெறும் சட்டைப் பையைத் தடவியது. நான் அம்மாவைப் பார்த்தேன். எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் தம்பி பெயரைப் போடு என்கிறவள் அவள்தான். அவளே அவனுக்கு எடுத்துச் சொல்லட்டும் என்று இருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, மேசையில் கிடந்த அவனுடைய அடையாள அட்டையை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"எழுதாதம்மா," என்றாள் என்னிடம். "விட்டுரு."

அவன் இல்லாதபோது இருக்கிறான் என்று எழுத என் கை தயங்கியதே இல்லை. இப்போது என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான், என்னால் எழுத முடியவில்லை. பத்தொன்பது படிவமும் நிரப்பியாயிற்று. எங்களுடையது என் பையிலேயே கிடக்கிறது. திங்கட்கிழமை கான்ஸ்டபிள் வாங்க வருவார்.